மதுரையைச் சுற்றி ஒரு வாரம்: கோடை இடிமேகங்களைத் தேடி

ஞாயிறு இரவு, மதுரை

அக்கினி நட்சத்திரம் பாதியைத் தாண்டிவிட்டது. பகலில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் வெயில், மாலை நான்கு மணிக்கு மேல் நகரின் ஏதாவது ஒரு பக்கத்தில் மேகத்தைத் திரட்டிக் கறுக்க வைக்கிறது. சில நாள் அது கொட்டித் தீர்க்கிறது. பல நாள் காற்றையும் மின்னலையும் மட்டும் காட்டிவிட்டுக் கலைந்துபோகிறது. நாளை தொடங்கி இந்த வாரம் முழுவதும், சித்தப்பா மகன் ஓட்டும் காரில், மதுரையைச் சுற்றி எந்தத் திசையில் இடிமேகம் எழுகிறதோ அந்தப் பக்கமாகப் போய் அதைப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அன்றன்று பார்த்ததை அன்றிரவே எழுதிப் பதிவிடுவேன்.

எல்லோரும் மழைக்கு ஒதுங்க இடம் தேடும்போது நீங்கள் இருவரும் ஏன் அதைத் தேடிப் போகிறீர்கள் என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. மலையும் ஆறும் உருவாக யுகங்கள் ஆகின்றன. அவற்றின் பிறப்பையோ முடிவையோ எந்த மனிதரும் பார்த்ததில்லை. இடிமேகம் அப்படியில்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் இல்லாத ஒன்று, மாலைக் காப்பி வேளையில் பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் கரைந்தும் விடுகிறது. அவ்வளவு பெரிய ஒன்றின் முழு வாழ்வையும் ஓரிடத்தில் நின்றபடியே பார்த்துவிட முடியும் என்ற எண்ணம் பள்ளி நாள்களிலிருந்தே என்னை இழுத்துக்கொண்டிருக்கிறது.

இந்த ஆசைக்கு வெளிநாட்டில் நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த டேவிட் ஹோட்லி என்ற இளைஞர் 1956-இல் இடிமேகங்களைக் காரில் பின்தொடரத் தொடங்கினார்; இன்று அந்த நாட்டில் ஒவ்வொரு வசந்த காலத்திலும் ஆயிரக்கணக்கானோர் அதைச் செய்கிறார்கள். அங்கே உள்ள முறைகளை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்குள்ள சமவெளியில் மேலடுக்குக் காற்று வலுவாக வீசுவதால் ஓர் இடிமேகம் பல மணி நேரம் உயிரோடு நகர்ந்துகொண்டே போகும், கார்களும் அதன் பின்னால் போகும். கோடையில் நம் பக்கத்தில் மேலடுக்குக் காற்று பெரும்பாலும் மெலிந்தே இருக்கும். மேகம் எழுந்த இடத்திலேயே ஏறக்குறைய நின்று, பெய்து, அடங்கிவிடும். ஆகவே இங்கே முக்கியமானது எங்கே போய்க் காத்திருப்பது என்ற கணிப்புதான்.

புறப்படும் முன் சில கட்டுப்பாடுகளை இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்வதால், மின்னலைப் பார்த்து இடியைக் கேட்கும் வரை எண்ணினால் மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று தூரம் தெரிந்துவிடும். அந்த எண்ணிக்கை 30-க்குக் கீழே வந்தால், அதாவது மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டால், இருவரும் காருக்குள் இருக்க வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழியும் வரை கீழே இறங்கக் கூடாது. பாறைமேடு, கம்மாய்க்கரை, தனி மரத்தடி ஆகிய இடங்களில் நிற்பதில்லை. வண்டி ஓட்டுபவர் சாலையை மட்டுமே பார்க்க வேண்டும். வானமும் கைப்பேசியும் என் பொறுப்பு. இருட்டிய பிறகு மழைக்குள் வண்டி ஓட்டுவதில்லை.

திங்கள், மேலூர் சாலை

காலை முழுவதும் மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசியது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அது தளர்ந்து, தென்கிழக்கிலிருந்து சற்றே ஈரமான காற்று வரத் தொடங்கியது. மதுரையிலிருந்து கடல் சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், மன்னார் வளைகுடாப் பக்கத்துக் கடற்காற்று கோடை மாலைகளில் உள்நாட்டுக்குள் இவ்வளவு தூரம் வந்துவிடுகிறது. இரண்டு காற்றுகளும் எதிரெதிராக வந்து முட்டும் கோட்டில் காற்று போக வேறு வழியில்லாமல் மேலே எழும்பும். மேகம் திரள்வதும் அங்கேதான். வானிலை ஆர்வலர்கள் இதைக் காற்றுக் குவிதல் என்கிறார்கள்.

ஒத்தக்கடையைத் தாண்டி, யானைமலையைப் பார்க்கும்படி ஒரு தேநீர்க் கடை ஓரமாகக் காரை நிறுத்தினோம். வடக்கே அழகர்மலைக்கு மேலே ஒரு திரள் மேகம் நின்றது. முதலில் அது மற்ற மேகங்களைப் போலவே இருந்தது. பிறகு அதன் உச்சி, சோறு பொங்கி உலைமூடியைத் தள்ளுவது போல, ஒரு பக்கம் குமிழ்ந்து அமர்வதும் மறுபக்கம் இன்னும் உயரமாகக் குமிழ்வதுமாக ஏறியது. கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் வேறு உருவம். உச்சியின் ஓரங்கள் வெட்டி வைத்தாற்போல் கூர்மையாக இருக்கும் வரை மேகம் வளர்கிறது என்று பொருள். ஓரம் நார் நாராகப் பிரிந்து மங்கினால் உச்சி பனித்துகளாக மாறிவிட்டது, இனி மழைதான். இன்று அந்த மாற்றத்தை இருவரும் ஒரே நேரத்தில் கண்டுகொண்டோம். கூர்மை போய், உச்சி தட்டையாகி, கிழக்கு நோக்கி மெல்லப் பரவியது. வெப்பமண்டலத்தில் பதினாறு கிலோமீட்டர் உயரத்தையொட்டி ஒரு எல்லை இருக்கிறது. அதற்கு மேலே காற்று வெப்பமாக இருப்பதால் மேகம் அதைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் விரிகிறது.

சில நிமிடங்களில் மலைக்கு முன்னால் மழைக்கால் இறங்கியது. வெள்ளைச் சாம்பல் நிறத்தில் வானத்துக்கும் தரைக்கும் இடையே தொங்கிய அந்தத் திரைக்குப் பின்னால் அழகர்மலை முழுவதுமாக மறைந்துபோனது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே நாற்பதுக்கு மேல் எண்ண முடிந்ததால் வெளியிலேயே நின்று பார்த்தோம். தேநீர்க் கடைக்காரர், "அங்கிட்டுப் பேஞ்சு முடிஞ்சுரும், இங்கிட்டு வராது" என்றார். அவர் சொன்னபடியேதான் ஆயிற்று.

அதன் பிறகு நடந்தது எனக்குப் புதிய பாடம். அந்த மழை அடங்கி அரை மணி நேரம் கழித்து, மேலூருக்குக் கிழக்கே, அதுவரை வெறும் நீலமாக இருந்த இடத்தில் இரண்டாவது மேகம் எழுந்தது. முதல் மேகத்தின் மழையோடு கீழே இறங்கிய குளிர்ந்த காற்று, தரையில் மோதி எல்லாப் பக்கமும் ஓடி, முன்னால் இருந்த சூடான காற்றை மேலே நெம்பிவிட்டிருக்கிறது. 1946, 1947 ஆண்டுகளில் அமெரிக்காவின் புளோரிடாவிலும் ஒகையோவிலும் விமானங்களைக் கொண்டு இடிமேகங்களை ஆராய்ந்தவர்கள் இதைத்தான் எழுதி வைத்தார்கள்: ஒரு தனி மேகம் வளர்ந்து, முதிர்ந்து, அடங்குவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் போதும், ஆனால் அது அடங்கும்போதே அடுத்ததற்கு வழி செய்துவிடுகிறது. அடுத்தது நம் தலைக்கு மேலேயே எழக்கூடும். இந்த வாரத்தின் ஆபத்து முழுவதும் அதில்தான் இருக்கிறது என்று திரும்பி வரும் வழியில் பேசிக்கொண்டோம்.

செவ்வாய், ஆண்டிபட்டிக் கணவாய்

செயற்கைக்கோள் படத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையையொட்டி மேகம் திரள்வது பகல் ஒரு மணிக்கே தெரிந்தது. செக்கானூரணி, உசிலம்பட்டி வழியாகப் போனோம். ஆண்டிபட்டிக் கணவாயை நெருங்கும்போது வருசநாட்டுப் பக்கம் வானம் அடர்நீலமாக இருந்தது.

மேகத்தைப் பற்றி இன்று எழுத அதிகமில்லை. சாலையைப் பற்றி நிறைய இருக்கிறது. கணவாய்க்கு முன்பே புழுதியோடு சூறைக்காற்று எதிரே வந்தது. ஒரு நிமிடம், எங்களுக்கு முன்னால் போன லாரியின் பின்விளக்குக்கூடத் தெரியவில்லை. தம்பி உடனே வேகத்தைக் குறைத்து, மரமில்லாத இடமாகப் பார்த்துச் சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி நிறுத்தினான். காற்று நின்றதும் பார்த்தால், அரைக் கிலோமீட்டர் முன்னால் ஒரு புளியமரக் கிளை சாலையின் பாதியை அடைத்து விழுந்து கிடந்தது. ஓர் இரு சக்கர வண்டிக்காரர், மனைவியையும் கைக்குழந்தையையும் பின்னால் வைத்துக்கொண்டு, அந்தக் கிளையைச் சுற்றி எதிர்ப்பக்கத்தில் ஏறிப் போனார். அவர் மழையைத் தேடி வந்தவர் அல்லர், வீட்டுக்குப் போகிறவர். நாங்களோ விரும்பி வந்து அந்தச் சாலையில் நிற்கிறோம். நாங்கள் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் அப்படிப்பட்டவர்களோடு பகிர்ந்துகொள்ளும் சாலையில் ஓடுகிறது என்பதை மறக்கக் கூடாது.

இந்த ஆர்வத்தில் உயிரிழந்தவர்களில் பலர் மேகத்தால் சாகவில்லை. 2017 மார்ச் 28 அன்று டெக்சாஸ் மாநிலத்தில் மேகங்களைப் பின்தொடர்ந்த மூவர், இரண்டு கார்கள் மோதிக்கொண்டதில் இறந்தார்கள். 2022 ஏப்ரல் 29 இரவு, கான்சாஸ் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒக்லஹோமா பல்கலைக்கழக வானிலை மாணவர்கள் மூவர், ஈரச் சாலையில் கார் வழுக்கி லாரி மோதியதில் இறந்தார்கள். பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்து, மனம் நிறைந்து, களைத்து, இருட்டில் வீடு திரும்பும் அந்த நேரம்தான் மிகவும் மோசமானது என்று நான் நினைக்கிறேன்.

தேனி வரை போகலாம் என்று தோன்றியது உண்மை. மணி ஐந்தரை ஆகியிருந்ததால் கணவாயிலிருந்தே திரும்பினோம்.

புதன், சோழவந்தான்

வானம் துடைத்துவிட்டதைப் போல் இருந்தது. கடற்காற்று வரவே இல்லை; இரவு வரை வறண்ட மேற்குக் காற்றுதான்.

மேகம் இல்லாத நாளை வீணாக்காமல், சோழவந்தானுக்கு அருகே உறவினர் ஒருவரின் தோப்புக்குப் போனோம். சென்ற வாரத்து மழையில் அங்கே ஒரு தென்னையில் இடி விழுந்திருந்தது. அந்த மரத்தை நெடுநேரம் பார்த்தேன். கொண்டை கருகி, மட்டைகள் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தன. தண்டில் உச்சியிலிருந்து அடி வரை ஒரு கை அகலத்துக்குப் பட்டை உரிந்து, உள்ளே இருந்த நார் செம்பழுப்பாகத் தெரிந்தது. உரிந்த பட்டைத் துண்டுகள் பதினைந்து இருபதடி தள்ளி வாழைக்கன்றுகளுக்கு நடுவே கிடந்தன. மின்னலின் வழியில் வெப்பம் 30,000 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறும். தண்டுக்குள் இருக்கும் ஈரம் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் ஆவியாகிப் பட்டையைப் பிய்த்துக்கொண்டு வெளியேறுகிறது. அடியில் தொட்டுப் பார்த்தபோது சாறு கசிந்து பிசுபிசுத்தது.

அந்த மரத்திலிருந்து சில அடி தள்ளிக் கட்டியிருந்த பசு செத்துவிட்டது. அதன்மேல் மின்னல் விழவில்லை. மரத்தின் வழியே தரைக்குள் இறங்கிய மின்சாரம் மண்ணில் நாலாபக்கமும் பரவும்போது, அருகருகே உள்ள இரு இடங்களுக்கு இடையே பெரும் மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது. முன்காலும் பின்காலும் விலகி நிற்கும் மாட்டுக்கு அது உடல் வழியாக, நெஞ்சு வழியாகவே பாய்கிறது. மரத்தடியில் ஒதுங்கிய ஆடுகள் கூட்டமாக இறப்பதும் இதனால்தான். திறந்தவெளியில் அகப்பட்டவர்கள் படுக்கக் கூடாது, கால்களைச் சேர்த்து வைத்துக் குந்த வேண்டும் என்று சொல்வதற்கும் இதுவே காரணம். ஆனாலும் குந்துவது பாதுகாப்பு ஆகிவிடாது. வேறு வழியே இல்லாதபோது செய்யக்கூடியது அவ்வளவுதான்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் மின்னலால் இறந்தவர்கள் 2,887 பேர். வயலிலும் மேய்ச்சல் காட்டிலும் வேலை செய்தவர்களே இப்படி அதிகம் இறக்கிறார்கள். உறவினர், "எங்களுக்கு வானத்தைப் பாத்தா பயம், உங்களுக்கு வேடிக்கை" என்றார். கோபத்தில் சொல்லவில்லை. நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை முழுவதும், நாங்கள் பார்ப்பதில் அவருக்குப் பயன்படும்படி ஏதாவது இருக்க வேண்டும் என்ற எண்ணமே ஓடிக்கொண்டிருந்தது.

வியாழன், திருமங்கலத்துக்குத் தெற்கே

இந்த வாரத்தின் மிக நல்ல மாலை இன்றுதான். திருமங்கலத்திலிருந்து டி. கல்லுப்பட்டி போகும் வழியில், கரிசல் காடு விரிந்து கிடக்கும் இடத்தில், நான்கு திசையும் மறைப்பில்லாமல் தெரியும். மேற்கே மலைத்தொடர் ஒரு கோடாக நிற்க, கிழக்கே அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கார்திரள் மேகம் எழுந்திருந்தது. செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு கணக்கிட்டதில் எங்களுக்கும் அதற்கும் இடையே நாற்பது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. இடிச் சத்தம் சாதாரணமாகப் பதினைந்து கிலோமீட்டர் வரைதான் எட்டும் என்பதால், முழு மேகமும் எந்த ஓசையும் இல்லாமல் எரிந்து எரிந்து அணைந்தது.

சூரியன் மலைக்குப் பின் இறங்கிய பிறகும் மேகத்தின் உச்சியில் வெயில் இருந்தது. அடிப்பகுதி ஊதாவாகவும், நடுப்பகுதி செம்பொன்னாகவும், உச்சி வெள்ளையாகவும் நின்ற அந்த நிறங்கள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக மங்கின. முழுவதும் இருண்டதும் உள்ளிருந்து வெளிச்சம் வந்தது. எல்லா மின்னலும் தரைக்கு வருவதில்லை. பெரும்பாலானவை மேகத்துக்குள்ளேயே நடக்கின்றன, அப்போது மேகத்தின் உள் அறைகளெல்லாம் தனித்தனியாகத் தெரிகின்றன. சில மின்னல்கள் விரிந்த உச்சியின் அடியில் கிளை கிளையாகப் படர்ந்து, கண்ணால் பின்தொடரக்கூடிய வேகத்தில் வானத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போயின. தம்பி படம் எடுப்பதை நிறுத்திவிட்டான். பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரர் ஒருவர் வந்து நின்று, ஈசானி மூலையில் மின்னியிருந்தால் நமக்கு மழை, இது கிழக்கே நிற்கிறது, அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டு, எங்களோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் இவ்வளவு கிடைக்கிறது. பக்கத்தில் போனால் மழைத் திரையும் தலைக்கு மேல் சாம்பல் நிறமும்தான் தெரியும். அருகே போகப் போகக் காட்சி குறைந்து ஆபத்து கூடுகிறது என்பது வெளிப்படையான கணக்கு. ஆனாலும் பலர் அருகே போகிறார்கள், ஏனென்றால் அருகே எடுத்த படத்துக்கு மதிப்பு அதிகம்.

அமெரிக்காவில் மேகங்களைப் பின்தொடர்ந்த டிம் சமராசை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் படத்துக்காகப் போனவர் அல்லர். டொர்னாடோ என்னும் சுழற்காற்றின் பாதையில் தரையோடு ஒட்டிய கருவிகளை வைத்து, 2003 ஜூன் 24 அன்று தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டர் என்ற சிற்றூரில் காற்றழுத்தம் 100 மில்லிபார் குறைந்ததை அளந்து காட்டியவர். எச்சரிக்கையானவர் என்று சக ஆர்வலர்களிடம் பெயர் பெற்றவர். 2013 மே 31 அன்று ஒக்லஹோமாவின் எல் ரீனோவில் ஒரு சுழற்காற்று 4.2 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்து, திடீரென்று திசையும் வேகமும் மாறியதில், அவரும் அவர் மகன் பாலும் கூட்டாளி கார்ல் யங்கும் காரோடு அகப்பட்டு இறந்தார்கள். அனுபவமும் எச்சரிக்கையும் இருந்தும் அவர்களுக்கு இல்லாமல் போனது இடைவெளி. நம் பக்கத்துக் கோடை மேகங்கள் அப்படிப்பட்ட சுழற்காற்றை உண்டாக்குவதில்லை. ஆனால் இடைவெளி விஷயத்தில் அவை வேறு வகையில் ஏமாற்றும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மதுரைப் பக்கத்துக்கு உதவும் வானிலை ராடார்கள் தள்ளித்தான் இருக்கின்றன. காரைக்கால் ராடார் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. பூமி வளைந்திருப்பதால் அதன் கதிர் இங்கே வந்து சேரும்போது தரையிலிருந்து ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. கொச்சி ராடாருக்கு மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது. அந்த நான்கு கிலோமீட்டருக்குக் கீழே நடப்பதை, மேகத்தின் அடிப்பகுதி கறுப்பதை, மழைக்கால் இறங்குவதை, புழுதிக்காற்று கிளம்புவதை, தரையில் நிற்கும் ஒரு மனிதர் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியும். தமிழ்நாடு வெதர்மேன் என்று அறியப்படும் பிரதீப் ஜான் போன்ற ஆர்வலர்களின் பதிவுகளை இவ்வளவு பேர் படிப்பதிலிருந்து, அரசு அறிவிப்போடு கூட இத்தகைய பார்வைக்கும் தேவை இருப்பது தெரிகிறது. நேற்று உறவினர் சொன்னதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்குமானால் அது இந்தப் பக்கம்தான் இருக்கிறது.

வெள்ளி, கீழக்குயில்குடி

சமணர் மலை அடிவாரத்துக்கு மாலை நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மலைமேல் ஏறும் எண்ணம் இல்லை. ஒரு மரம்கூட மறைக்காத வெறும் பாறை, படிக்கட்டின் ஓரம் இரும்புக் கைப்பிடி; மின்னல் நேரத்தில் அங்கே நிற்பதைவிட மோசமான இடம் இந்தப் பக்கத்தில் குறைவு. ஆனால் மேலே கல்லூரி வயதுப் பையன்கள் சிலர், முக்காலி வைத்துக் கேமராவை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். வடகிழக்கே அழகர்மலைப் பக்கம் நின்ற மேகத்தைப் படம் பிடிக்க வந்தவர்கள். அந்த மேகம் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது, உச்சி நார் நாராகி அடங்கிக்கொண்டும் இருந்தது. எங்கள் தலைக்கு மேலே நீலவானம், ஆங்காங்கே சிறு திரள் மேகம். அவர்கள் கணக்குப்படி பாதுகாப்பாகத்தான் இருந்தார்கள்.

தாமரைக்குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். நாலரை மணி அளவில், வெக்கையின் நடுவே குளிர்ந்த காற்று ஒன்று வந்து முகத்தில் பட்டது. பெரியவர் உடனே எழுந்து, நாக்கை மடித்து ஒலி எழுப்பி, ஆடுகளைத் திரட்டி ஊர்ப்பக்கம் திருப்பினார். ஒரு மின்னலும் இல்லை, ஓர் இடியும் இல்லை. ஏன் இவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறீர்கள் என்று கேட்டேன். "குளுந்த காத்து வந்துருச்சுல்ல தாயி. இனி இங்கனயே கட்டும். இடிக்கிற வரைக்கும் நின்னா ஆடு மிஞ்சாது" என்றார்.

திங்களன்று நான் தூரத்திலிருந்து பார்த்துப் புரிந்துகொண்டதை, அவர் உடம்பில் பட்ட காற்றைக் கொண்டே சொல்லிவிட்டார். அழகர்மலை மேகத்திலிருந்து ஓடிவந்த குளிர்காற்று எங்களை எட்டிவிட்டது. அடுத்த மேகம் அந்தக் காற்றின் முன்வரிசையில், எங்களுக்கு மேலேயே எழும். தம்பி கையை வாயருகே குவித்து, மேலே இருந்த பையன்களைக் கீழே இறங்கச் சொல்லிக் கத்தினான். அவர்கள் வானத்தைக் காட்டி, ஒன்றுமில்லையே என்று சைகை செய்தார்கள். அவன் படிக்கட்டில் பாதி தூரம் ஓடிப் போய், சொல்லிவிட்டு, அவர்களை முன்னால் விட்டுக் கூட்டிக்கொண்டு வந்தான். ஒருவன் சலித்துக்கொண்டுதான் வந்தான், படம் போய்விட்டதே என்று.

அதற்குள் தலைக்கு மேலிருந்த சிறு திரள்கள் ஒன்று சேர்ந்து, அடிப்பகுதி தட்டையாகி, வெள்ளை சாம்பலாகவும் சாம்பல் கறுப்பாகவும் மாறியது. நாங்கள் எங்கள் காரிலும் பையன்கள் அவர்கள் காரிலும் ஏறிக் கண்ணாடியை ஏற்றினோம். மூடிய இரும்புக் கூரையுள்ள கார் மின்னலிலிருந்து காப்பது, மின்சாரம் வெளிப்புற உலோகத்தின் வழியாகவே தரைக்கு இறங்கிவிடுவதால்தான். ரப்பர் சக்கரத்துக்கு அதில் பங்கில்லை, ஆகவே ஆட்டோவும் இரு சக்கர வண்டியும் காக்காது. முதல் மின்னல் நாகமலைப் பக்கம் இறங்கியது. நான் எண்ணத் தொடங்கி நான்கைச் சொல்லும்போதே இடி விழுந்தது. அதாவது ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவு, அதுவும் அந்த மேகத்தின் முதல் மின்னலிலேயே. எங்கள் 30 நொடிக் கணக்கு வெளியிலிருந்து நெருங்கி வரும் மேகத்துக்குத்தான் பொருந்தும். தலைக்கு மேலே பிறக்கும் மேகம் எண்ணுவதற்கு நேரம் தருவதில்லை. குளிர்காற்று வந்ததும், அடி கறுத்ததும் கிளம்பியாக வேண்டும்.

பிறகு ஆலங்கட்டி விழுந்தது. கொண்டைக்கடலை அளவில் தொடங்கிச் சில நெல்லிக்காய் அளவுக்கு வந்தன. காரின் முகப்பில் விழுந்து துள்ளிய ஒன்று கண்ணாடியின் துடைப்பானில் சிக்கி நின்றது. நடுவில் பால்வெள்ளை, அதைச் சுற்றித் தெளிந்த பனி, மேலே மறுபடி வெள்ளை. மேகத்துக்குள் ஈரமும் குளிரும் வேறுபடும் பகுதிகளைக் கடந்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வகையாக உறைந்து வந்த வரலாறு அந்தச் சிறு கட்டியில் அடுக்கடுக்காக இருந்தது. அது உருகி முடியும் வரை நாங்கள் யாரும் பேசவில்லை.

அந்தி மழை அழுதாலும் விடாது என்பார்கள். இது விட்டுவிட்டது, ஆனாலும் கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்தே கீழே இறங்கினோம்.

சனி காலை, மதுரை

நேற்று இரவு அந்தப் பையன்களில் ஒருவன் பேசினான். மலைமேல் நின்றது தவறா என்று கேட்கவில்லை. அடுத்த முறை எங்கே நிற்பது என்று கேட்டான். நல்ல கேள்வி. கல்லுப்பட்டிச் சாலையைச் சொன்னேன், மூடிய காரோடு வரச் சொன்னேன், தனியாக வர வேண்டாம் என்றும் சொன்னேன். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலியைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். சுற்று வட்டாரத்தில் விழும் மின்னல்களை அது காட்டும். இன்னும் ஒன்றையும் சொன்னேன்: நகருக்குள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டால் சுரங்கப்பாதைகளில் வண்டியை இறக்கக் கூடாது. 2024 அக்டோபர் 25 பிற்பகலில் செல்லூர்ப் பகுதி எவ்வளவு சீக்கிரம் வெள்ளக்காடானது என்பதை அவன் நேரில் பார்த்தவன், ஆகவே விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆடு மேய்க்கும் பெரியவருக்குக் கைப்பேசி இல்லை, அவர் மகனிடம் இருக்கிறது. அந்த எண்ணை வாங்கி வந்திருக்கிறேன். பிற்பகல் இரண்டு மணிக்குமேல் செயற்கைக்கோள் படத்தில் சிறுமலை, அழகர்மலைப் பக்கம் மேகம் திரண்டால் நான் அந்த எண்ணில் பெரியவரை அழைப்பது, கீழக்குயில்குடியில் குளிர்காற்று எட்டியதும் அவர் என்னை அழைப்பது என்று பேசியிருக்கிறோம். அவர் தரும் தகவல் எனக்கு மிகவும் பெரியது; ஓரிடத்தில் எழுந்த மேகத்தின் காற்று எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று ஒரு கோடை முழுவதும் குறித்து வைத்தால், நாகமலை அடிவாரத்து ஊர்களுக்கு அரை மணி நேரம் முன்பே சொல்ல முடியுமா என்று பார்க்கலாம்.

அம்மா இன்று எங்களோடு காரில் வருகிறார். தென்கிழக்குக் காற்று இன்னும் தொடங்கவில்லை. மூன்று மணிக்குப் பார்த்துவிட்டு, மேகம் வடக்கே என்றால் மேலூர் சாலை, தெற்கே என்றால் திருமங்கலம்.